பிரதிஷ்டை ஆகாத வீடு

அந்த மஞ்சக்கலர் வீட்டத்தான பாக்கிய? நல்லாப் பாருங்க. கூட்ஸு வண்டி போனாத்தான் ரயில்வே கேட்டத் தெறப்பான், பஸ்ஸு அதுவரைக்கும் நகராது, அதுக்கு இன்னும் பத்து நிமிசம் ஆவும். அது நாங்க கட்டுன வீடு. எங்க சபைல இருந்து வந்து கட்டுனோம். நானும் மண்ணு சொமந்தேன். இந்தத் தோள்பட்டை அன்னைக்கிப் பிடிச்சது, இன்னும் விடல.

ஆமா, பூட்டுத் தொங்குது. பக்கத்துல நீலக்கலர் தார்ப்பாய் போட்டு ஒரு கொட்டாய் தெரியுதுல்லா? வீட்டுக்காரி அதுலதான் இருக்கா. செல்லக்கனின்னு பேரு. பீடி சுத்துதவ. அந்தா, வாசல்ல முறத்த மடில வச்சிக்கிட்டு உக்காந்திருக்காளே, அவதான். கொஞ்சம் சீட்டுக்குள்ள சாஞ்சிக்கிடுங்க, அவ இந்தப் பக்கம் பாத்துரக் கூடாது. இல்ல, சண்டையெல்லாம் ஒண்ணும் கெடையாது. பாத்தா சிரிப்பா. அதான் வேண்டாங்கேன்.

வீட்ட வச்சிக்கிட்டு எதுக்குக் கொட்டாய்ல இருக்கான்னு நீங்க கேக்கிய. எல்லாரும் அதத்தான் கேக்காவ. என்னக் கேட்டா நான் என்னத்தச் சொல்லட்டும்? எல்லாத்தையும் ஒழுங்காத்தான் செஞ்சோம். ஒரு எடத்துல கூட ஒழுங்கு தவறல.

நீங்களும் எங்கள மாதிரி வேதக்காரவியளா? இல்லயா. சரி, அப்பம் உங்களுக்கு வெளங்குத மாதிரி சொல்லுதேன். போன மார்கழி வெள்ளத்துல இந்தப் பக்கம் பூரா மண்சுவரு வீடெல்லாம் கரைஞ்சிட்டுல்லா. செல்லக்கனி வீட்டுல மேற்குச் சுவரு விழுந்து, ஓடு பூராவும் நொறுங்கிட்டு. எங்க தியோடர் ஐயர், அதான் எங்க சபைப் போதகர், எங்க பக்கம் போதகர ஐயர்னுதான் சொல்லுவோம், அவரு லெந்து மொத ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல கேட்டாரு. லெந்துன்னா ஈஸ்டருக்கு முந்தி நாப்பது நாளு, நாங்க ஒடுக்கமா இருக்கது. உங்களுக்கு மாலை போட்டு விரதம் இருக்கதில்லையா, அந்த மாதிரின்னு வச்சிக்கிடுங்க. "இந்த லெந்துல கறி மீன் மட்டும் விட்டாப் போதுமா, ஒரு ஏழைக்கு வீட்டச் சரிபண்ணிக் குடுத்தா என்ன?"ன்னு கேட்டாரு.  நாந்தான் மொதல்ல எந்திரிச்சேன். பெண்கள் சங்கச் செயலர் நானு. நான் எந்திரிச்சா பொறவு ஆம்பளைய உக்காந்திருக்க முடியுமா?

இருவத்திரெண்டு பேரு வேன்ல வந்தோம். இந்த ஊருப் பள்ளிக்கூடத்துலதான் படுக்கை. ஒம்பது நாளு. சாலமோன் கொத்தனாரு மட்டுந்தான் வேல தெரிஞ்ச ஆளு, மத்தவியெல்லாம் வாத்தியாரு, பேங்க்குக்காரரு, மருந்துக்கடைக்காரரு. கரண்டியப் புடிக்கத் தெரியாது. ஆனா பாருங்க, கர்த்தர் கிருபை, சுவரு நேரா வந்துட்டு. ஓட்டுக்குப் பதிலா தகரம் போட்டோம், அடில தெர்மாகோல் வச்சி அடைச்சோம், வெக்கை தெரியாது. உள்ள போய்ப் பாத்தா அப்பிடி இருக்கும். நான் சொல்லுதேனே தவிர, இன்னைக்கி வரைக்கும் அதுக்குள்ள ஒரு ஆளு ஒரு ராத்திரி படுக்கல.

செல்லக்கனியும் சும்மா இருக்கல, அதையும் சொல்லணும். நாங்க வேல பாக்கையில சாந்துக்குத் தண்ணி அவதான் எடுத்தூத்துனா. "நீங்க ஏம்மா சொமக்கிய, குடுங்க, குடுங்க"ன்னு சட்டியப் புடுங்குவா. அவ மவ முப்பிடாதி அப்பம் ஏழு மாசம் முழுகாம இருந்தா. தலப்பிரசவம். தாய் வீட்டுலதான பாக்கணும்? வளைகாப்பு முடிஞ்சி கூட்டிட்டு வந்த இடம் இந்தத் தார்ப்பாய்க் கொட்டாய். வாரதுக்கே சம்பந்தக்காரி முறுக்கிக்கிட்டுத்தான் விட்டிருக்கா. "வீடு ரெடி ஆயிரும் மதினி, கோயில்காரவிய கட்டுதாவ"ன்னு இவ சத்தியம் பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கா. எங்கள நம்பித்தான். ஒம்பதாம் நாளு சாயந்தரம் கடைசிப் பூச்சு முடிஞ்சிது. முப்பிடாதி வயித்தப் புடிச்சிக்கிட்டு வாசல்ல வந்து நின்னு, "இந்த மூலைலதான் பிள்ளைக்குத் தொட்டில் கட்டணும்மா"ன்னு சொல்லிச்சி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.

அன்னைக்கே சாவியக் குடுத்திருக்கலாம். இன்னைக்கி நெனச்சா தோணுது. அன்னைக்கி யாருக்கும் தோணல, எனக்கும் தோணல. ஏன்னா பிரதிஷ்டை ஆகல.

பிரதிஷ்டைன்னா உங்க கிரகப்பிரவேசம் மாதிரி. ஜெபம் பண்ணி, ரிப்பன் வெட்டி, சாவியக் கையில குடுக்கது. ஆளு குடியேறிட்டா பொறவு எதப் பிரதிஷ்டை பண்ணுதது? ஏற்கெனவே ஒருக்க அப்பிடி ஆயிப்போச்சி. வேற ஒரு ஊருல வீட்டச் சரிபண்ணி அன்னைக்கே சாவியக் குடுத்துட்டோம். பிஷப் ஐயா வாரதுக்குள்ள அவிய அடுப்புப் பொகைல சுவரெல்லாம் கரியாக்கி, உள்ள ஆட்டுக்குட்டியக் கட்டிப் போட்டு, ஐயா செவப்பு அங்கியோட உள்ள நொழைய, ஆடு கத்த, போட்டோ புடிக்க முடியாமப் போயி, ஒரே அவமானம். அதனால இந்தத் தடவை கமிட்டி கூடித் தீர்மானமே போட்டாச்சி. பிஷப் ஐயா கையாலதான் சாவி. அதுவரைக்கும் பூட்டு. சாவி யாருகிட்ட இருக்கதுன்னு வந்திச்சி. எல்லாரும் ஒரே வாக்கா, "தொற்காள் அம்மாகிட்ட"ன்னு சொல்லிட்டாவ.

தொற்காள் நாந்தான். இருவத்தேழு வருசம் சத்துணவு அமைப்பாளரா இருந்தவ. ஸ்டோர் ரூம் சாவி எங்கிட்டதான். ஹெட்மாஸ்டரே வந்து கேட்டாலும் ஆர்டர் இல்லாம நான் தெறக்க மாட்டேன். தெறந்ததே கெடையாது. அந்தப் பேரு எனக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல உண்டு.

பொறவு பாத்தா, லெந்துல பிரதிஷ்டை வைக்க மாட்டாவ. கல்யாணமும் வைக்க மாட்டோம். லெந்துலதான் வீட்டச் சரிபண்ணணும்னு சொன்னதும் நாங்கதான், லெந்துல பிரதிஷ்டை கூடாதுங்கதும் எங்க முறைதான், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கும்னு இருவத்திரெண்டு பேருல ஒருத்தருக்கும் மூளைல உறைக்கல பாருங்க. சரி, ஈஸ்டர் முடியட்டும்னு பிஷப் ஆபீஸுல சொல்லிட்டாவ. நாங்களும் சரின்னுட்டோம். செல்லக்கனிகிட்டயும் சொன்னோம். "நல்ல காரியம் மெதுவாத்தாம்மா நடக்கும், ஐயா வரட்டும்"ன்னு அவளே சொன்னா.

ஈஸ்டர் முடிஞ்சிது. ஐயா வெளிநாடு போயிட்டாவ. மூணு வாரம். வந்ததும் மே மாசம் பூராவும் பிள்ளையளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை, அதான் வளந்த பிள்ளையளச் சபைல முறைப்படி சேக்குதது, நாளுக்கு ரெண்டு சபை. எங்க ஐயரு வாரத்துக்கு ஒருக்கப் போயி அந்த ஆபீஸ் பெஞ்சுல உக்காந்துட்டு வாராரு. அவரும் பாவம். யாரைச் சொல்லுதது? இதுக்கெடைல கல்வெட்டு வேற. மார்ச்சு தேதி போட்டுச் செதுக்கியாச்சி, பொறவு அத ராவி ஏப்ரல் ஆக்கி, திரும்ப ராவி, கல்லு அந்த எடத்துல மட்டும் குழியா ஆயிட்டு. அதுல அடில எம்பேரும் இருக்கு. எனக்குப் பேரு ஆசையெல்லாம் கெடையாது, ஆனா தொற்காள்ங்கதுல கடைசி எழுத்தத் தப்பாப் போட்டு "தொற்கால்"னு வெட்டி வச்சிருக்கான். தேதியத் திருத்துதவன் அதையும் திருத்தலாம்லா? மூணு தடவ சொல்லியாச்சி. சரி, அது கெடக்கட்டும்.

சித்திரை கடைசில ஒரு நாளு செல்லக்கனி போன் போட்டா. "யம்மா, பேரன் பொறந்துட்டான். நாளைக்கி ஆஸ்பத்திரில இருந்து அனுப்புதாவ. வீட்டத் தெறந்து தந்தியள்னா நல்லா இருக்கும்"னு. அதட்டியெல்லாம் கேக்கல. ஒரு கரண்டி சீனி கேக்கது மாதிரிதான் கேட்டா.

நான் ராத்திரி பூராவும் ஒறங்கல. காலைல எந்திரிச்சி, சரி, யாரு என்ன சொன்னாலும் தெறந்து விட்டுருவோம்னு சாவிய எடுத்து பர்ஸுல போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டேன். மெய்யாத்தான் சொல்லுதேன். வெறுங்கையோட போகல, பிள்ளைக்கு ஒரு கொசுவலை, சோப்பு, பவுடரு, ஒரு துண்டு. வந்து எறங்குனா வெயிலு அப்பிடி அடிக்கி. தார்ப்பாய்க்கு அடில முப்பிடாதி ஈரச் சீலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் பிள்ளைய மடில வச்சிருக்கு. பிள்ள ஒடம்பு பூரா செவப்பா வேர்க்குரு. அழக்கூட இல்ல, வாயத் தெறந்து தெறந்து மூடுது.

பூட்டுகிட்டப் போயிட்டேன். சாவிய நொழைச்சிட்டேன். திருப்பல. ஏன்னு கேக்கியளா? எனக்கே தெரியல. ஐயருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு தோணிட்டு. இருவத்தேழு வருசப் பழக்கம். போன் போட்டேன்.  ஐயரு, "அம்மா, பிஷப் ஆபீஸுல வார வியாழக்கெழம தேதி தாரேன்னு இருக்காவ. பத்து நாள்தான். இவ்வளவு நாள் பொறுத்தாச்சி. நீங்க பக்குவமாச் சொல்லுங்க, உங்களால முடியும்"னாரு.

என்னால முடியும்னு சொல்லிட்டாரு. நான் என்ன செய்யச் சொல்லுதிய? ஐயரு வேண்டாம்னு அடிச்சிச் சொல்லியிருந்தாக்கூட கோவத்துல தெறந்திருப்பனோ என்னவோ. அவரு கெஞ்சுதாரு. சாவிய உருவி எடுத்துட்டு வந்து, பக்குவமாத்தான் சொன்னேன். பத்து நாள் பொறுத்துக்கோ செல்லக்கனின்னேன். அவ என் மூஞ்சியவே பாத்தா.

"நான் பொறுப்பேம்மா. உங்க ஐயா வாரதுக்கு முன்ன எம் பேரன் வந்துட்டானே, அவனத் திரும்பப் போயிட்டு மெதுவா வான்னு சொல்ல முடியுமா?"ன்னா.

கேலியாக் கேட்ட மாதிரி தெரியல. நெசமாவே எங்கிட்ட யோசனை கேக்க மாதிரித்தான் கேட்டா. நான் கொசுவலையக் கட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

பூட்ட உடைச்சிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கிய. அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்லியிருக்காவ. கடப்பாறையோட ஒருத்தன் வந்தே நின்னுருக்கான். அவதான் விடல. "அம்மா மண்ணு சொமந்து கட்டுன வீடு. அவிய பூட்டுனத நான் ஒடைக்க மாட்டேன்"னுட்டாளாம். இத எங்கிட்ட வந்து சொல்லுதாவ. சொல்லாம இருந்திருக்கலாம்.

அந்த வியாழக்கெழம தேதி வரல. அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம சம்பந்தக்காரவிய பிள்ள பாக்க வந்துட்டாவ. தாம்பாளத் தட்டு, பழம், தங்கத்துல அரைஞாண், எட்டு பேரு கார்ல. நான் அங்கன இல்ல, கேள்விப்பட்டதச் சொல்லுதேன். கார்ல இருந்து எறங்குனதும் கண்ணுக்கு மொதல்ல தெரியுதது புது வீடு, புது பெயிண்டு, கதவுல பூட்டு. பக்கத்துல தார்ப்பாய்க்கு அடில பேரன். சம்பந்தக்காரி என்ன நெனப்பா? "வீட்டப் பூட்டி அழகு பாத்துக்கிட்டு எங்க பிள்ளையக் குப்பைல போட்டிருக்கியா?"ன்னு கேட்டிருக்கா. சாவி எங்கிட்ட இல்ல மதினின்னு இவ சொல்லியிருக்கா. அவ்வளவுதான், அது இன்னும் மோசமாயிட்டு. "சாவி கூட ஒங்கையில இல்லாத வீட்டக் காட்டித்தான் எங்க மருமவளக் கூட்டிட்டு வந்தியா? பொய் சொல்லியா கூட்டிட்டு வந்த?" பழத்தட்டக் கீழ எறக்கக் கூட இல்ல. தாயையும் பிள்ளையையும் அப்பிடியே கார்ல ஏத்திட்டாவ. முப்பிடாதி பச்ச ஒடம்புக்காரி, அழுதுக்கிட்டே போயிருக்கு. "இனி இந்த வாசல்ல எங்க பிள்ள கால் வைக்காது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ.

அதுக்குப் பொறவு ஆனி மாசம் பிஷப் ஐயா வந்தாவ. இருவது நிமிசம் இருந்தாவ. நல்லா ஜெபம் பண்ணுனாவ, அதக் கொறை சொல்லக்கூடாது. பந்தல், மைக்செட்டு, எரநூறு பேருக்குச் சாப்பாடு. சாவியத் தட்டுல வச்சி நாந்தான் நீட்டுனேன், ஐயா எடுத்துச் செல்லக்கனி கையில குடுத்தாவ. "சந்தோசமாம்மா?"ன்னு கேட்டாவ. "சந்தோசம் ஐயா"ன்னா. கையெடுத்துக் கும்புட்டா. போட்டோவுல பாத்தா சிரிச்ச மாதிரித்தான் இருக்கு. எங்க மாசப் பத்திரிகைல கலர்ல போட்டிருக்கு.

எல்லாரும் வேன்ல ஏறிட்டாவ. நான் தட்டத் திரும்ப எடுக்கப் போனேன். பாத்தா அவ கதவ இழுத்துப் பூட்டிக்கிட்டு இருக்கா. ஒரு சாமான் உள்ள வைக்கல. "என்ன செல்லக்கனி, உள்ள போகலையா?"ன்னேன். சாவிய முந்தானைல முடிஞ்சிக்கிட்டே சொன்னா.

"உங்களுக்கு உங்க ஐயா வந்து தெறக்கணும். எனக்கு எம் பேரன் வந்து தெறக்கணும்மா. அவன் மொதக் கால் வைக்கட்டும், பொறவு நான் போறேன். நீங்கதான சொல்லிக்குடுத்திய, அதுவரைக்கும் யாரும் நொழையக் கூடாதுன்னு."

கோவமாச் சொன்னாளான்னு கேக்காதிய. எனக்கு இன்னும் பிடிபடல. நான் தட்ட எடுத்துக்கிட்டு வேன்ல ஏறிட்டேன். எல்லாரும் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தாவ. நானும் பாடுனேன். வாய் பாட்டுக்குப் பாடிச்சி.

இப்பம் ஐப்பசி பொறந்தாச்சி. நேத்து ரெண்டு மழ. அந்தத் தார்ப்பாய் இந்த மழைக்குத் தாங்காது, போன வருசத்துத் தார்ப்பாய், ஓரமெல்லாம் கிழிஞ்சிருக்கு. மூணு தடவ போயிச் சொல்லிட்டேன். ஐயரும் போய்ச் சொன்னாரு. பிடிவாதக்காரி. அந்தப் பிள்ள வந்தாத்தான் போவா. அந்தப் பிள்ள வரணும்னா சம்பந்தக்காரி மனசு எறங்கணும். அவ மனசு எறங்கணும்னா செல்லக்கனி பொய் சொல்லலன்னு அவளுக்குத் தெரியணும். அதச் சொல்லுததுக்கு ஒரே ஆளுதான இருக்கு?

அதுக்குத்தான் இப்பம் போயிக்கிட்டு இருக்கேன். ஆமா, அந்தச் சம்பந்தக்காரி ஊருக்குத்தான். கேட்டத் தாண்டி நாலாவது ஸ்டாப்பு, பெரியசாமிபுரம் வெலக்கு. பாடம் பண்ணி வச்சிருக்கேன், கேளுங்க: "யம்மா, வீட்டப் பூட்டுனது செல்லக்கனி இல்ல. நாந்தான் பூட்டுனேன். உங்க பேரன் வெயில்ல கெடந்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன், சாவி எங்கையில இருந்துச்சி." அவ்வளவுதான். இதச் சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்? ஒரு நிமிசம் ஆவாது. பொம்பளைக்குப் பொம்பள கேட்டுக்கிடுவா. நல்லா வந்துதா? கடைசி வரிய எடுத்துரட்டுமா? அது வேணும்னா தோணுது?

வண்டி போயிட்டு. கேட்டத் தெறந்துட்டான். அந்தா, கெளம்பியாச்சி.

இதுக்கு முந்தி ரெண்டு தடவ வந்துட்டேன், உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன. ஆவணில ஒருக்க வந்தேன், அன்னைக்கி பஸ்ஸுல கூட்டமான கூட்டம், வாசலுக்கு வந்து சேருததுக்குள்ள எடுத்துட்டான். பொரட்டாசில வந்தேன். அன்னைக்கிக் கூட்டம் இல்ல. அன்னைக்கி என்னன்னா, கமிட்டில கேக்காம சபை விசயத்த வெளி ஆளுகிட்டப் போயிச் சொல்லலாமான்னு ஒரு யோசனை வந்துட்டு. ஐயருகிட்டக் கேட்டேன். அடுத்த கூட்டத்துல வைப்போம்னு இருக்காரு. அவரும் பாவம்.

என்ன, அதுக்குள்ள மூணு ஸ்டாப்பு போயிட்டா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. அந்தப் புளியமரத்தடிதான் வெலக்கு. ஆமா, நிப்பாட்டுதான். நல்லாத் தூறுதே, கொடை கொண்டு வரல. இங்க இருந்து ஊருக்குள்ள ஒரு மைலு நடக்கணும்.

நீங்க எங்க எறங்குதிய? பஸ் ஸ்டாண்டுலயா? நானும் டிக்கெட்டு அதுவரைக்குந்தான் எடுத்திருக்கேன். எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தேன்.

கண்டக்டர் தம்பி, விசிலக் குடுங்க. யாரும் எறங்கல.